இந்திரன் ஆரம்

அணிகலன் என்றவுடன் அழகும் செல்வமுமே பலர் நினைவில் எழும். பொன் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதனைப் பற்றிப் பேசாத இல்லம் இல்லை. ஆயினும், பண்டை மக்கள் அணிகலனை அழகு ஒன்றனையே கருதிப் பூண்டாரல்லர். அணிந்திருப்பவர் எக்குடியினர், எப்பருவத்தினர், என்ன செயல் செய்தவர், எப்பொறுப்பை ஏற்றவர் என்பனவற்றைக் காண்போர்க்கு அறிவிக்கும் அடையாளமாகவும் அது விளங்கியது. எழுத்தறிவு பலர்க்கும் வாய்க்காத காலத்தில் அணிகலனே ஒருவகை எழுத்தாக நின்றது எனலாம்.

உடலில் அணி பூணும் இடங்கள் பல. அவற்றுள் கழுத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஒருவர் முகத்தை நோக்கும்போதே அவர் கழுத்தும் நம் கண்ணில் படுகின்றது. அன்றியும், உயிர்மூச்சு இயங்கும் வழி அது. ஆதலின், காக்கும் அணியையும் பெருமைக்குரிய அணியையும் கழுத்தில் பூணுதல் உலகின் பல நாடுகளிலும் வழக்கமாயிற்று. இன்றும் மாநகராட்சி மேயர் பதவியேற்கும்பொழுது கழுத்தில் பொற்சங்கிலி அணிகின்றார். பந்தயத்தில் வென்ற வீரர் பதக்கத்தைக் கழுத்திலேயே ஏற்கின்றார். அச்சங்கிலி மேயரின் சொந்த உடைமையன்று. பதவி நீங்கினால் சங்கிலியும் நீங்கும். எனவே, அது மனிதரைச் சார்ந்த அணியன்று. பொறுப்பைச் சார்ந்த அணி. இவ்வுண்மையை மனத்திற்கொண்டால், பழங்கால மன்னர்கள் ஒரு கழுத்தணிக்காகக் கடல் கடந்து படை நடத்திய வரலாறு நமக்கு விளங்கும். அவ்வரலாற்றையும், அது தமிழ் வரலாற்றுக் கதைகளில் இடம்பெற்ற வகையையும் இப்பாடத்தில் காண்போம்.

நடுகல்லும் கழுத்தணியும்

வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் தொழிலால் நாடறிந்த ஊர்கள். அவற்றை அடுத்து, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த நாட்றம்பள்ளி அமைந்துள்ளது. இப்பகுதியும், இதற்குத் தெற்கே செங்கம் வரையில் பரந்த நிலமும் நடுகற்கள் மிகுந்தவை. செங்கம் பகுதியில் கிடைத்தவற்றைத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1972ஆம் ஆண்டில் ஒரு தனி நூலாகவே வெளியிட்டது. ஏரிக்கரையிலும், வயல் வரப்பிலும், ஊர்ப்புறத்து மரத்தடியிலும் இத்தகைய கற்கள் நிற்பதைக் காணலாம். ஊரின் ஆநிரையைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுக்காகவும், பகைவர் படையைத் தடுத்து வீழ்ந்தவனுக்காகவும் அக்காலத்து மக்கள் நட்ட நினைவுக்கற்கள் இவை. ஆம்பூரில் கிடைத்த இரு நடுகற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நுளம்பன் படை ஆநிரை கவர வந்தபொழுது அதனை எதிர்த்து மாண்ட வீரரைப் பற்றி அவை பேசுகின்றன. காலம் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியாகும்.

பெரும்பாலான நடுகற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் கொண்டு விரைந்து செல்பவனாகக் காட்டப்படுகின்றான். கல் சிறிது; அதன் மேற்பரப்பும் சொரசொரப்பானது. நுண்ணிய வேலைப்பாட்டுக்கு அஃது ஏற்றதன்று. அவ்வாறிருந்தும், பல கற்களில் கழுத்தைச் சுற்றிய ஓர் அணியைச் சிற்பி செதுக்கியிருக்கின்றான். அதனைக் கண்டிகை என்றும் சரப்பளி என்றும் ஆய்வாளர் குறிப்பிடுவர். மாண்டவன் ஏதோ ஒருவன் அல்லன், ஊரார் மதித்துப் போற்றிய ஒருவன் என்பதனை அவ்வொற்றைக் கோடு காண்போர்க்கு உணர்த்துகின்றது.

தாலி களையாத வீரன்

சங்க காலத்தில் கழுத்தணி எவ்வாறு பொருள் உணர்த்தியது என்பதற்குச் சிறந்த சான்று ஒன்று புறநானூற்றில் உண்டு. பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளையனாய் இருந்தபொழுதே அரியணை ஏறினான். சேரனும் சோழனும் வேளிர் ஐவருமாகப் பகைவர் எழுவர் ஒன்று கூடி அவனை எதிர்த்தனர். தலையாலங்கானம் என்னும் இடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. வெற்றி இளைஞனுக்கே வாய்த்தது. இடைக்குன்றூர் கிழார் என்னும் புலவர் அவனைக் களத்தில் கண்டு வியந்து பாடினார். காலில் அணிந்திருந்த கிண்கிணியைக் கழற்றிவிட்டு வீரக்கழல் பூண்டிருக்கின்றான். கைவளைகளைக் கழற்றிவிட்டு வில்லைப் பற்றியிருக்கின்றான். ஆயினும் கழுத்தில் கிடக்கும் தாலியை இன்னும் களையவில்லை என்று புலவர் சுட்டுகின்றார்.

இங்கே தாலி என்ற சொல்லைக் காணும் இக்கால மாணவர் திகைப்படையக் கூடும். ஓர் அரசன் கழுத்தில் தாலி ஏன் இருந்தது? அக்காலத்தில் குழந்தைகளின் காவலுக்காகக் கழுத்தில் அணிவித்த அணிக்கும் தாலி என்பதே பெயர். திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் ஆகிய ஐந்து படைக்கலங்களின் வடிவைச் சிறியனவாகச் செய்து கோத்தது ஐம்படைத்தாலி. மழலை பேசும் குழந்தையின் வாய்நீர் சிந்தி ஐம்படையை நனைக்கும் காட்சி மணிமேகலையில் வருகின்றது. வேட்டைத் தொழில் செய்வோர் தம் குழந்தைகளுக்குப் புலிப்பல்லைக் கோத்த தாலி அணிவித்தனர். பருவம் வந்தவுடன் இவ்வணி களையப்படும். நெடுஞ்செழியன் களத்தில் நின்றபொழுது அப்பருவமும் முற்றவில்லை என்பதே புலவர் கருத்து. போர்க்களத்தின் கொடுமையையும் அவ்வரசனின் இளமையையும் ஒருங்கே காட்டுவதற்கு அவருக்கு அச்சிறு கழுத்தணி போதுமானதாயிற்று.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. அணிகலனின் பொருள் அதன் பொன்னில் இல்லை. மக்களின் ஒப்புதலில் உள்ளது. ஒப்புதல் மாறினால் பொருளும் மாறும். சங்ககாலத்தில் குழந்தையைக் குறித்த சொல், பிற்காலத்தில் மணமான பெண்ணின் மங்கல அணியைக் குறிக்கலாயிற்று. அகநானூறு இரண்டு பாடல்களில் திருமண நிகழ்ச்சியை விரிவாகக் கூறுகின்றது. அவற்றில் தாலி கட்டும் சடங்கு வெளிப்படையாகக் கூறப்படவில்லை. சிலப்பதிகாரத்தில் வரும் மங்கல அணி என்னும் தொடர் எதனைக் குறிக்கின்றது என்பது பற்றி இருபதாம் நூற்றாண்டுத் தமிழறிஞரிடையே நீண்ட வாதம் நிகழ்ந்தது. ஆகவே, பழைய காலத்தைப் பற்றிக் கதை எழுதுபவரும் அதனைப் படிப்பவரும் தம் காலத்துப் பொருளை அக்காலத்து அணியின்மேல் ஏற்றிவிடாமல் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

கெல்ட்டியரின் முறுக்குக் காறை

கழுத்தணியை வீரத்திற்கும் தலைமைக்கும் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் தமிழகத்தோடு நின்றதன்று. நம் நாட்டில் காறை என்றோர் அணி உண்டு. சரடுபோல் துவளாமல், கழுத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் அணி அது. பெரியாழ்வார் பாடலிலும் அதன் பெயர் காணப்படுகின்றது. ஏறத்தாழ அதனை ஒத்த ஓர் அணியை ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட்டியர் என்னும் பழங்குலத்தார் பூண்டனர். பொன், வெள்ளி, வெண்கலம் ஆகியவற்றின் கம்பிகளைக் கயிறுபோல் முறுக்கி வளைத்து, முன்புறம் சிறிது இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் குமிழ் அமைத்துச் செய்தனர். முறுக்குதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாக அவ்வணி ஆங்கிலத்தில் டார்க் எனப்படுகின்றது.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள சினெட்டிஷாம் என்னும் ஊரில் 1950ஆம் ஆண்டில் இத்தகைய காறை ஒன்று நிலத்திலிருந்து வெளிப்பட்டது. பொன்னும் வெள்ளியும் கலந்து செய்யப்பெற்ற அதன் எடை ஒரு கிலோகிராமிற்குச் சற்று மிகுதி. எட்டு எட்டுக் கம்பிகளாக முறுக்கி எட்டுப் புரிகள் ஆக்கி, அவ்வெட்டையும் மீண்டும் சேர்த்து முறுக்கியிருக்கின்றனர். அறுபத்து நான்கு கம்பிகள் கொண்ட அவ்வணி இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இவ்வளவு எடையுள்ள காறையை அணிந்து ஒருவர் நாள்தோறும் தொழில் செய்தல் இயலாது. உயர்ந்த நிலையில் இருந்தவர் சிறப்பு நாட்களில் பூண்டதாகவே அதனைக் கருதுதல் பொருந்தும். உரோமரை எதிர்த்துக் கி.பி. 60, 61ஆம் ஆண்டுகளில் கிளர்ந்தெழுந்த பிரித்தானிய அரசி பூதிக்கா கழுத்தில் பெரிய பொன்னணி பூண்டிருந்தாள் என்று காசியசு தியோ என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அவர் அந்நிகழ்ச்சிக்கு நூறாண்டுக்குப் பின் வாழ்ந்தவர். பழம் பிரித்தானியாவைப் பற்றி இக்காலத்தார் எழுதும் வரலாற்று நாவல்களில் குலத்தலைவர் கழுத்தில் முறுக்குக் காறை தவறாது விளங்குவதற்கு இத்தகைய குறிப்புகளும் அகழ்ந்தெடுத்த அணிகளுமே அடிப்படை.

இக்காறையைப் பற்றி உரோம நாட்டில் ஒரு கதை வழங்கியது. கி.மு. 361ஆம் ஆண்டில் கெல்ட்டிய வீரன் ஒருவன் உரோமரைத் தனிப்போருக்கு அழைத்தான். மான்லியசு என்னும் இளைஞன் அவனை எதிர்த்துக் கொன்று, அவன் கழுத்துக் காறையைக் கழற்றித் தன் கழுத்தில் பூண்டான். அதனால் தோர்க்குவாத்தசு, அஃதாவது காறை பூண்டவன், என்னும் பெயர் அவனுக்கு வாய்த்தது. அவன் வழியினரும் அப்பெயரையே தாங்கினர். உரோம் நகரின் கேப்பிட்டோலின் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற சலவைக்கல் சிலை ஒன்று உள்ளது. புண்பட்டு நிலத்தில் சாய்ந்து உயிர்விடும் கெல்ட்டிய வீரனின் உருவம் அது. அவன் உடலில் ஆடை இல்லை, கவசம் இல்லை, கழுத்தில் காறை மட்டும் உள்ளது. அவனை வென்றவர்களுக்காகச் செய்யப்பட்ட சிலையே அது. ஆயினும், அவன் குலப் பெருமையைச் சிற்பி மறைக்கவில்லை.

வென்றவன் தோற்றவனின் கழுத்தணியைக் கைக்கொள்வதன் பொருள் யாது? பொன்னைக் கவர்தல் அதன் சிறு பகுதியே. தோற்றவனுக்கு இருந்த பெருமை இனித் தனக்கு உரியது என்று உலகறியச் சொல்லுதலே அதன் முதன்மையான நோக்கம். இதே நோக்கம் தமிழக வரலாற்றிலும் ஈழ வரலாற்றிலும் மிகப் பெரிய அளவில் தோன்றுகின்றது.

பாண்டியர் ஆரம் கடல் கடந்த கதை

பாண்டியர்க்குக் குலச் செல்வமாக விளங்கிய கழுத்தணி இந்திரன் ஆரம் எனப்பட்டது. தேவர் தலைவனாகிய இந்திரன் தன் ஆரத்தைப் பாண்டியன் ஒருவனுக்கு அணிவித்தான் என்பது பழங்கதை. பிறரால் தாங்கவொண்ணாத அதன் சுமையைப் பாண்டியன் எளிதாகத் தாங்கினான் என்று திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கும். சிலப்பதிகாரம் இவ்வாரத்தைப் பூண்ட பாண்டியனை வாழ்த்துகின்றது. பாண்டியர் தம் செப்பேடுகளிலும் இப்பெருமையை எடுத்துரைத்தனர். இந்திரன் கொடுத்தான் என்பது புராணம். ஆனால், அப்பெயருடன் ஓர் ஆரம் பாண்டியர் கருவூலத்தில் இருந்ததென்பதைக் கல்வெட்டால் அறிகின்றோம்.

கி.பி. 907இல் சோழ நாட்டு அரியணை ஏறிய முதற் பராந்தகன் பாண்டிய நாட்டின்மேல் படையெடுத்து மதுரையைக் கைப்பற்றினான். அக்காலத்தில் பாண்டியனாக இருந்தவன் இராசசிம்மன். அவன் தோற்று ஈழத்திற்குச் சென்று தப்புலன் என்னும் மன்னனிடம் அடைக்கலம் புகுந்தான். ஈழநாட்டு வரலாற்று நூலாகிய சூளவம்சம் இதனைக் கூறுகின்றது. அங்கு அவன் எதிர்பார்த்த உதவி கிட்டவில்லை. அரசியற் பெருமக்களிடையே பூசல் விளைந்தது. பாண்டியன் தன் மணிமுடியையும் ஏனைய செல்வங்களையும் அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாட்டிற்குச் சென்றான்.

நாடும் தலைநகரும் பராந்தகன் கையில் இருந்தன. அவன் மதுரை கொண்டவன் என்று பட்டமும் பூண்டான். எனினும், அவனுக்கு ஒரு குறை இருந்தது. பாண்டிய நாட்டின் மன்னனாக முறைப்படி முடிசூடிக்கொள்ள அவன் விரும்பினான். அதற்குப் பாண்டியர் முடியும் அணியும் வேண்டும். அவற்றை அனுப்புமாறு அப்பொழுது ஈழத்தை ஆண்ட உதயன் என்னும் மன்னனிடம் தூது விடுத்தான். உதயன் மறுத்தான். சோழர் படை கடல் கடந்து சென்றது. உதயனோ முடி முதலியவற்றை எடுத்துக்கொண்டு தென்கிழக்கே மலையும் காடும் செறிந்த உரோகண நாட்டிற்குள் புகுந்தான். அந்நாட்டிற்குள் நுழைய இயலாமல் சோழர் படை திரும்பியது.

இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாண்டியனோ அம்முடியையும் ஆரத்தையும் அணிய அங்கு இல்லை. ஈழ மன்னனுக்கு அவை உரிமையானவை அல்ல. சோழனுக்கோ பொன்னுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் போன்ற வேறு முடியும் ஆரமும் செய்வித்துக்கொள்ளல் அரிதன்று. ஆனால், புதிதாகச் செய்த ஆரம் எவ்வளவு ஒளியுடையதாயினும், இவன் பாண்டிய நாட்டின் முறையான மன்னன் என்று மதுரை மக்களிடம் அது கூறாது. பழைய ஆரமே அதனைக் கூறும். வாளால் நாட்டைக் கொள்ளலாம். மக்களின் ஒப்புதலை வாளால் கொள்ளவியலாது என்பதனைப் பராந்தகன் உணர்ந்திருந்தான். ஈழ மன்னனும் அதனை உணர்ந்தே அவற்றை மறைத்துக் காத்தான்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு மேல் அவை ஈழத்திலேயே கிடந்தன. முதலாம் இராசராசன் ஈழத்தின் வடபகுதியை வென்றான். அவன் மகன் முதலாம் இராசேந்திரன் கி.பி. 1012இல் ஆட்சிப் பொறுப்பேற்று, தன் ஐந்தாம் ஆட்சியாண்டளவில், அஃதாவது கி.பி. 1017ஆம் ஆண்டையொட்டி, உரோகண நாட்டிலும் வெற்றி கண்டான். ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டு, கி.பி. 1029இல் அங்கேயே இறந்தான். இராசேந்திரன் கைப்பற்றியவற்றை அவனுடைய மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகின்றது. ஈழத்தரசர் முடி, அவர் தேவியர் முடிகள், முன்னர்ப் பாண்டியன் அவரிடம் வைத்த அழகிய முடி, இந்திரன் ஆரம் என்று அது கூறிச் செல்கின்றது. சேர மன்னன் குலதனமாகப் போற்றிய முடியையும் செங்கதிர் மாலையையும் கைக்கொண்டதும் அதனையடுத்துக் கூறப்படுகின்றது. நாடுகளைக் கொண்ட செய்திக்கு இணையாகக் கழுத்தணிகளைக் கொண்ட செய்தியும் கல்லில் பொறிக்கத் தக்கதாக மதிக்கப்பட்டமை நோக்கத்தக்கது. பின்னர் இராசேந்திரன் தன் மகன் ஒருவனுக்குச் சோழ பாண்டியன் என்னும் பட்டம் அளித்து மதுரையில் அமர்த்தினான்.

இம்மெய்க்கீர்த்தியைத் தாங்கிய கல்வெட்டுகளுள் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூருக்கு அண்மையில் உள்ள திருமலை என்னும் சமணத் தலத்தில், பாறையில் வெட்டப்பட்டுள்ளது. அங்குள்ள குந்தவை சினாலயம் இராசராசன் தமக்கையின் பெயரைத் தாங்கியது. வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை என்பார் விளக்குக்காகவும் படையலுக்காகவும் அளித்த கொடையைப் பதிவு செய்வதே அக்கல்வெட்டின் நோக்கம். அக்கொடைச் செய்திக்கு முன்னுரையாகவே ஈழமும் கங்கையும் கொண்ட மன்னனின் வெற்றிகள் யாவும் வருகின்றன. ஒரு பெண்மணியின் விளக்குக் கொடையால் இந்திரன் ஆரத்தின் செய்தியும் வட ஆர்க்காட்டுப் பாறையொன்றில் நிலைத்தது.

வரலாற்றுக் கதையில் ஆரம்

இத்தகைய செய்தி கதையாசிரியர் உள்ளத்தைக் கவர்தல் இயல்பே. இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் தோன்றிய புகழ்மிக்க வரலாற்று நாவல்கள் இரண்டு இதனைப் பயன்படுத்தியுள்ளன.

முதலாவது, கல்கி 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரையில் தொடர்கதையாக எழுதிய பொன்னியின் செல்வன். இக்கதை சுந்தர சோழன் காலத்தில் நிகழ்வது. பாண்டியர் குலத்தை மீண்டும் நிலைநாட்டச் சூள் உரைத்த சதிகாரர் சிலர், நள்ளிரவில் திருப்புறம்பியம் பள்ளிப்படையில் ஒரு சிறுவனை அரியணையில் அமர்த்திப் பாண்டிய மன்னனாக ஏற்கும் காட்சி அதில் வருகின்றது. பாண்டியரின் மணிமுடியும் இரத்தின ஆரமும் ஈழத்து மலைநாட்டில் மறைந்து கிடக்கும் செய்தியும் கதையில் பேசப்படுகின்றது. அவை சோழர் கைக்கு வந்து சேர்ந்ததாக ஆசிரியர் எழுதவில்லை. வரலாற்றின்படி சுந்தர சோழன் காலத்தில் அவை ஈழத்திலேயே இருந்தன. கற்பனை எவ்வளவு விரிந்து சென்றாலும் கல்லில் பொறித்த காலக்கணக்கை ஆசிரியர் மீறவில்லை.

இரண்டாவது, அகிலன் எழுதி 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற வேங்கையின் மைந்தன். இராசேந்திரன் காலத்தைப் பற்றியது இந்நாவல். பாண்டியர் மணிமுடியை ஈழத்திலிருந்து மீட்டுக் கொணரும் முயற்சி இதன் கதைக்கு அடிப்படையாக அமைந்தது. கொடும்பாளூர் இளங்கோ என்னும் இளவீரனும், ஈழ மன்னன் மகள் உரோகிணியும் இதில் வருகின்றனர். முடியை மீட்பது ஒருவனுக்குக் கடமை. அதனைக் காப்பது மற்றொருத்தியின் குடும்பத்திற்கு மானம். இரு பக்கத்தார்க்கும் நியாயம் உண்டு என்பதனை வாசகர் உணருமாறு கதை நடக்கின்றது. கல்வெட்டில் வெற்றி பெற்றவன் குரல் மட்டுமே கேட்கும். இழந்தவரின் துயரத்தையும் கேட்கச் செய்வது வரலாற்றுக் கதையின் பணிகளுள் ஒன்று.

நாவலில் வருவன அனைத்தும் நிகழ்ந்தவை என்று எண்ணுதல் பிழை. நாவல் கற்பனையே என்று ஒதுக்குதலும் பிழை. இந்திரன் ஆரத்தைப் பொறுத்தவரை மூன்று அடுக்குகளை நாம் பிரித்தறிய வேண்டும். இந்திரன் அதனை அளித்தான் என்பது பழங்கதை. பாண்டியர் தம் உரிமைக்குப் பெருமை தேடிக்கொண்ட வகையை அது காட்டுகின்றது. இராசேந்திரன் அதனைக் கைப்பற்றினான் என்பது கல்வெட்டுச் செய்தி. அக்காலத்திலேயே பொறிக்கப்பட்டதாதலின் அதற்கு வலிமை மிகுதி. ஈழத்து நூல் பாண்டியன் முடியையும் பிற செல்வங்களையும் விட்டுச் சென்றதைக் கூறுவது அச்செய்திக்கு மறு கரையிலிருந்து கிடைக்கும் சான்று. அதனை மீட்கச் சென்றவரின் அன்பும் அச்சமும் உரையாடலும் ஆசிரியரின் படைப்பு. அக்காலத்து மனிதர் எவ்வாறு எண்ணியிருத்தல் கூடும் என்பதனை அது நமக்குக் காட்டுகின்றது. இம்மூன்றையும் தத்தம் இடத்தில் வைத்துப் படிப்பவனே வரலாற்றுக் கதையின் முழுப் பயனையும் பெறுவான்.

ஆரம் போன பின்னர்

ஆரம் சோழர் கைக்குச் சென்றதோடு பாண்டியர் வரலாறு முடிந்துவிட்டதா என்ற வினா எழுகின்றது. முடியவில்லை. இராசேந்திரன் வெற்றிக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கி.பி. 1216இல், மாறவர்மன் சுந்தர பாண்டியன் மதுரை அரசனானான். அவன் சோழ நாட்டின்மேல் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். சோழர்க்குரிய முடிகொண்ட சோழபுரத்து முடிசூட்டு மண்டபத்திலேயே வீராபிடேகம் செய்துகொண்டான். பின்னர்ச் சோழ மன்னனுக்கு நாட்டைத் திரும்ப அளித்து, சோணாடு வழங்கியருளிய என்னும் அடைமொழியை ஏற்றான். அந்நூற்றாண்டு முடிவதற்குள் சோழர் ஆட்சியும் மறைந்தது. பாண்டியர் மீண்டும் எழுவதற்கு இந்திரன் ஆரம் தேவைப்படவில்லை.

எனவே, அடையாளச் சின்னத்திற்கு ஆற்றல் இல்லை என்று முடிவு செய்தல் பொருந்துமோ? அதுவும் பொருந்தாது. ஆற்றல் இல்லையெனில், மூன்று நாட்டு மன்னர்கள் அதன்பொருட்டு அவ்வளவு உயிர்களைப் பலியிட்டிருக்க மாட்டார்கள். சுந்தர பாண்டியனும் சோழர் மண்டபத்தைத் தேடிச் சென்று முடிசூடியிருக்க மாட்டான். மக்கள் நம்பும் வரையில் சின்னத்திற்கு ஆற்றல் உண்டு. ஆனால், அவ்வாற்றலைச் சின்னத்திற்கு அளிப்பவர் மக்களே. பாண்டிய நாட்டு மக்கள் தம் நாட்டையும் மொழியையும் குடிப்பெருமையையும் மறவாதிருந்தமையால், ஆரம் கைவிட்டுப் போன பின்னரும் பாண்டியர் பெயர் நிலைத்தது. சின்னத்தைக் கைப்பற்றியவன் அச்சின்னம் குறித்த பொருளையும் கைப்பற்றிவிட்டதாக எண்ணி அயர்தல் கூடாது என்பது இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

இராசேந்திரன் கொணர்ந்த அவ்வாரத்தை இன்று காண்பதற்கில்லை. சினெட்டிஷாம் காறையைப் போல அஃது எந்தக் கண்காட்சிப் பேழையிலும் இல்லை. பொன் உருக்கத்தக்கது, மணி பிரிக்கத்தக்கது. அதனைப் பற்றிய சொற்கள் மட்டும் திருமலைப் பாறையிலும் பிற கோயிற் சுவர்களிலும் எஞ்சியுள்ளன. ஆம்பூரிலும் நாட்றம்பள்ளிப் பகுதியிலும் செங்கத்திலும் நிற்கும் நடுகற்களுக்கும் இதே மதிப்பு உண்டு. அவ்வீரருட் பலர் பெயர் அரசர் வரலாற்றில் இல்லை. அவர்கள் பூண்டிருந்த கண்டிகையைத் தேடி எம்மன்னனும் படை அனுப்பவில்லை. ஆயினும், தம்மைக் காத்தவரை ஓர் ஊரார் எவ்வாறு மதித்தனர் என்பதற்கு அவர்கள் கழுத்தில் செதுக்கிய அணி சான்றாக நிற்கின்றது.

அத்தகைய கல் ஒன்று உங்கள் ஊரில் இருப்பின், அதன் மேல் சுண்ணாம்பு பூசுவதனையும், சாலைப் பணிக்காக அதனைப் பெயர்த்து உடைப்பதனையும் தடுத்தல் உங்கள் கடமை. எழுத்து இருப்பின் அதனைச் சுரண்டாமல் ஆசிரியரிடம் தெரிவியுங்கள். தொல்லியல் துறையினர்க்கும் செய்தி அனுப்பச் செய்யுங்கள். உருவம் மட்டுமே இருப்பின், அவ்வீரன் கையில் உள்ள படைக்கலத்தையும் கழுத்தில் உள்ள அணியையும் உற்று நோக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் படிக்கும் வரலாற்றுக் கதையில் ஒரு வீரன் கண்டிகை பூண்டு வரும்பொழுது, அதன் பொருளை உங்கள் ஊர்க் கல்லைக் கொண்டே அறிந்துகொள்வீர்கள்.